அழிக்கப்பட்ட தொப்பி

ஒரு புத்தக வெளியீட்டு விழா முடிந்து வாசலில் காப்பி குடித்துக்கொண்டு நின்றபோது, நண்பர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உருவ ஓவியங்களைப் பற்றி ஒரே மூச்சில் தீர்ப்புச் சொன்னார். "அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய முகஸ்துதி. பட்டு, பவுடர், பகட்டு. புரட்சி வந்தது, அந்தக் கடையை இழுத்துப் பூட்டியது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் வீடு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. முகஸ்துதி என்ற பகுதியில் எனக்குச் சண்டை கிடையாது. காசு வாங்கிக்கொண்டு வரைகிறவர் மூக்கைக் கொஞ்சம் நேராக்கித்தான் கொடுப்பார். நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் செய்யாததா? பூட்டியது என்று சொன்னதுதான் இடித்தது. 1789-க்குப் பிறகும் பாரிஸில் அதே ஓவியர்கள் வரைந்துகொண்டுதான் இருந்தார்கள். பிரபுக்களும் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். தங்களை யாராகக் காட்டிக்கொள்வது என்ற பேச்சுவார்த்தைதான் மாறியது. அந்த மாற்றம், புரட்சியின் தொடக்கமாகச் சொல்லப்படும் பஸ்தில் சிறை விழுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஒரு தொப்பி இருக்கிறது. இருந்தது என்று சொல்வதுதான் சரி.

1789, ஆகஸ்ட்

லூவர் அரண்மனையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சலோன் கண்காட்சி, அந்த வருடமும் வழக்கம்போல ஆகஸ்ட் 25 அன்று திறந்தது. பஸ்தில் விழுந்து ஆறே வாரம் ஆகியிருந்தது. நகரத்தில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு, மாகாணங்களில் பிரபுக்களின் மாளிகைகள் எரிந்து ஓய்ந்திருந்தன, தேசிய சபை நிலப்பிரபுத்துவ உரிமைகளை ரத்து செய்திருந்தது. அதற்கு நடுவில் சுவரில் படங்களை மாட்டினார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இதில்தான் விஷயமே இருக்கிறது. பிரபுவின் வரவேற்பறையில் தொங்கும் படத்தைப் பார்ப்பவர்கள் பிரபுக்கள்; சலோனில் தொங்கும் படத்தைப் பார்ப்பவர் மீன் விற்கும் பெண்ணாகவும் இருக்கலாம்.

அந்தச் சலோனில் நமக்குத் தெரிந்த ஒரு முகமும் தொங்கியது. திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு அனுப்பிய தூதர்கள் மூவர் 1787-ல் புதுச்சேரியில் கப்பலேறினார்கள். 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். அவர்களில் ஒருவரான முகமது தர்வேஷ் கானை ராணியின் ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ரன் முழு உருவமாக வரைந்தார். தங்கப் பூ வேலைப்பாடு செய்த வெள்ளை மஸ்லின் அங்கி, வாள், யாரையும் பொருட்படுத்தாத ஒரு நிற்பு. மன்னர் கேட்டுக்கொண்டால்தான் உட்காருவேன் என்றாராம் தர்வேஷ் கான், மன்னரும் கேட்டுக்கொண்டாராம். படம் முடிந்ததும் அதைக் கொடுக்க மனமில்லாமல் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டார். விஜே லெ ப்ரன் ஆளை விட்டு அதைக் கிளப்பிக்கொண்டு வர, தர்வேஷ் கான் தன் வேலைக்காரனைக் கொல்லக் கிளம்பிவிட்டார். பாரிஸில் அப்படியெல்லாம் வேலைக்காரரைக் கொல்லும் வழக்கம் இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது என்று ஓவியரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தூதர்கள் கேட்டுப் போன படை கிடைக்கவில்லை. திவாலின் விளிம்பில் நின்ற அரசாங்கம் எந்தப் படையை அனுப்பும்?

ஆக, மைசூரின் தூதர் சுவரில் இருந்தார். பாரிஸிலேயே வசித்த ஒரு கணவன் மனைவியின் படம் சுவரில் இல்லை. நவீன வேதியியலின் தந்தை எனப்படும் அந்துவான் லவாய்சியர், அவர் மனைவி மரி-ஆன் லவாய்சியர் இருவரையும் ஓவியர் ழாக்-லூயி தாவீத் 1788-ல் வரைந்த இரட்டை உருவப்படம் அது. மாட்டாமல் இருந்ததே நல்லது என்று அதிகாரிகள் பெருமூச்சு விட்டார்கள். காரணம் வெடிமருந்து. லவாய்சியர் அரசின் வெடிமருந்து நிர்வாகிகளில் ஒருவர். ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஆயுதக்கிடங்கிலிருந்து படகில் வெடிமருந்து ஏற்றப்பட்டதைப் பார்த்த கூட்டம், துரோகம் நடக்கிறது என்று கொதித்து அவரைச் சூழ்ந்துகொண்டது. தப்பியது தம்பிரான் புண்ணியம். அந்த முகத்தைச் சில வாரங்களிலேயே ஆளுயரத்துக்குச் சுவரில் மாட்டி மக்களை அழைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை.

சிவப்புப் புள்ளிகள்

இந்தப் படத்தைப் பார்த்திராதவர்கள் குறைவு. வேதியியல் புத்தகங்களில் இதன் ஏதாவது ஒரு துண்டு இருக்கும். கறுப்பு உடையில் லவாய்சியர் மேஜை முன் உட்கார்ந்திருக்கிறார். வலது கால் நம்மை நோக்கி நீண்டிருக்கிறது. கையில் இறகுப் பேனா. எழுதுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து மனைவியைப் பார்க்கிறார். அவர் தோளில் சாய்ந்து நிற்கும் மரி-ஆன் கணவரைப் பார்க்கவில்லை, நேராக நம்மைப் பார்க்கிறார். வெள்ளை மஸ்லின் கவுன், இடுப்பில் நீல நாடா. மேஜை முழுக்கச் சிவப்பு வெல்வெட் விரிப்பு. அதன் மேல் கண்ணாடியும் பித்தளையுமான கருவிகள். கீழே தரையில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை. அதன் வயிற்றில் ஜன்னல் வெளிச்சம் சிறியதாகப் பிரதிபலிக்கிறது. எனக்குப் படத்திலேயே பிடித்த இடம் அந்தக் குடுவைதான். இடதுபக்க நாற்காலியில் ஓவியத் தாள்கள் வைக்கும் உறை. மரி-ஆன் தாவீத்திடம் ஓவியம் கற்றவர், 1789-ல் வெளிவந்த கணவரின் வேதியியல் நூலுக்கான கருவிப் படங்களைச் செதுக்கியவர். அறிவும் அன்பும் சேர்ந்து வாழும் வீடு என்று சொல்லாமல் சொல்லும் படம். அறிவொளிக் காலத்தின் முகம் என்று எல்லாரும் எழுதினார்கள், நானும் அப்படித்தான் மனத்தில் வைத்திருந்தேன்.

படம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய வார்னிஷ் மங்கிப்போனதால் அதை நீக்கிச் சுத்தம் செய்ய 2019-ல் பராமரிப்புக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிவப்பு இருக்கக் கூடாத இடங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் மேற்பூச்சின் வெடிப்புகள் வழியாக எட்டிப் பார்த்தன. பிறகு அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்தார்கள். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்த இடத்தில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கினார்கள். ஈயம் எங்கே, பாதரசம் எங்கே என்று. பழைய காலத்துச் சிவப்பு நிறமியில் பாதரசம் உண்டு. தனிமங்களின் பட்டியலைப் போட்ட மனிதரின் படத்தைத் தனிமங்களை வைத்தே துப்பறிந்தார்கள் என்பது யாரும் திட்டமிடாமல் அமைந்த பொருத்தம்.

2021-ல் முடிவுகள் வெளிவந்தன. மரி-ஆன் தலையில் முதலில் ஒரு பிரம்மாண்டமான தொப்பி இருந்தது. நாடாக்களும் செயற்கைப் பூக்களும் வைத்த, அந்தக் காலத்துப் பாரிஸ் நாகரிகத்தின் உச்சம். லவாய்சியர் போட்டிருந்தது வெண்கலப் பொத்தான்கள் வரிசையாக வைத்த நீண்ட பழுப்புக் கோட்டு. சிவப்பு விரிப்புக்கு அடியில், தங்கப் பூச்சு வேலைப்பாடுகள் கொண்ட ஆடம்பர மேஜை ஒன்று. அறிவியல் கருவிகள்? ஒன்றுகூட இல்லை. அந்தக் கண்ணாடிக் குடுவையும் இல்லை. அத்தனையும் தாவீத் பின்னால் வரைந்து சேர்த்தவை.

அந்த முடிவுகளைச் சொன்ன கட்டுரையை அப்படியே மூடிவைத்துவிட்டேன். தொப்பியை அழித்தது பெரிய விஷயமில்லை. பெண்கள் தொப்பியை மாற்றிக்கொள்ளச் சொல்வதும் ஓவியர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றுவதும் புதிதா? குடுவை இல்லை என்பதுதான் ஜீரணிக்க முடியாமல் இருந்தது. அறிவியல் தம்பதி என்று நாம் கும்பிட்ட படம், முதலில் பணக்கார வரிக் குத்தகைதாரரும் அவர் மனைவியுமாகத்தான் தொடங்கியிருக்கிறது.

வரிக் குத்தகைதாரர் என்பது வசைச்சொல் இல்லை, அவர் உத்தியோகம். உப்பு வரி, புகையிலை வரி, பாரிஸுக்குள் வரும் சரக்குகளுக்கான சுங்கம் ஆகியவற்றை அரசருக்காக வசூலித்துக்கொடுத்துத் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும் தனியார் கூட்டணி ஒன்று இருந்தது. 1768-ல் லவாய்சியர் அதில் பங்கு வாங்கினார். மாமனார் பால்சும் அதில் ஒருவர். 1772-ல் தகப்பனார் விலைகொடுத்து வாங்கிய பிரபு பட்டம் மகனுக்கும் வந்து சேர்ந்தது. சரக்குகள் கள்ளத்தனமாக உள்ளே நுழையாமல் தடுக்க நகரத்தைச் சுற்றிச் சுங்கச் சுவர் கட்டினார்கள். அந்த யோசனைக்கும் லவாய்சியரின் பெயரே அடிபட்டது. 1789 ஜூலையில் பாரிஸ் மக்கள் பஸ்தில் பக்கம் போவதற்கு முன்பே அந்தச் சுவரின் சுங்கச் சாவடிகளைத்தான் கொளுத்தினார்கள். யார் மீது கோபம் அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரிசை வேண்டாம்.

அப்படியானால் பயந்துபோய்த்தான் தொப்பியை அழித்தார்களா? பின்னால் நடந்தது நமக்குத் தெரிவதால் உடனே அப்படிச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் படத்தில் தாவீத் கையெழுத்தோடு போட்ட ஆண்டு 1788. அவருக்கு 7,000 லிவர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணம்) கொடுத்துக் கணக்கு முடித்ததும் அந்த டிசம்பரில்தான். பஸ்தில் விழ இன்னும் ஏழு மாதம் இருந்தது. கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரமே அப்போது கிடையாது. வேறொன்று இருந்தது: அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசுக் கஜானா கிட்டத்தட்டக் காலி, பிரதிநிதிகள் சபையைக் கூட்டுவதாக மன்னர் ஒப்புக்கொண்டாகிவிட்டது, நாட்டின் பணம் எங்கே போனது என்று தெருவெல்லாம் பேச்சு. தங்க மேஜையைச் சுவரில் மாட்டிப் பெருமைப்படுகிற காலம் இல்லை அது. கூடவே ஆசையும் இருந்திருக்கும். லவாய்சியர் தன் பெரிய நூலை எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்தார். தன்னை எதற்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அந்த வயதில், அந்த வேலையின் முடிவில், யாருக்கும் வரும். விவேகம் பாதி, ஆசை பாதி என்றுதான் நான் கணக்குப் போடுகிறேன்.

மேலே இருப்பது பொய், கீழே இருப்பது மெய் என்று பிரித்துவிடவும் எனக்கு மனமில்லை. அந்தக் கருவிகள் உண்மையிலேயே அவருடையவை. அவற்றோடு அவர் செய்த வேலையும் உண்மை. ஆனால் அவற்றைச் செய்வித்த பணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவின் மிகச் சிறந்த தனியார் ஆய்வுக்கூடங்களில் ஒன்றை அவர் உப்பு வரியில் கட்டினார். அழிக்கப்பட்ட மேஜைதான் அந்தக் குடுவையை வாங்கியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படங்களையும் ஒரே கித்தானில் வைத்திருக்கும் தாவீத்தின் படம், தனக்கே தெரியாமல், அந்த மனிதரின் முழு வரவு செலவுக் கணக்கையும் வைத்திருக்கிறது.

ராணியின் மஸ்லின்

உடையை மாற்றி வரைவது இவர்களோடு தொடங்கவில்லை. 1783 சலோனில் விஜே லெ ப்ரன் ராணி மரி அந்துவானெத்தை எளிய வெள்ளை மஸ்லின் கவுனில், வைக்கோல் தொப்பியோடு காட்டினார். அந்த மஸ்லின் பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன துணி. உள்பாவாடையோடு ராணியை நிறுத்திவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. பிரெஞ்சுப் பட்டு நெசவாளர் வயிற்றில் அடிக்கிறாள் என்றும் ஏச்சு. படத்தைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய அதே நிலையில் நீலப் பட்டு உடுத்திய ராணியை மாட்டினார்கள். பட்டு உடுத்தினால் ஊதாரி, பருத்தி உடுத்தினால் மானங்கெட்டவள். அந்தப் பெண் எதைப் போட்டாலும் திட்டு உறுதி. ஐந்தே ஆண்டில் அதே மஸ்லின் மரி-ஆன் மீது அறிவுள்ள வீட்டுப் பெண்ணின் அடக்கமாகத் தெரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1789 அக்டோபர் 6 அன்று மக்கள் கூட்டம் அரச குடும்பத்தை வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு இழுத்துவந்தது. அன்றிரவே விஜே லெ ப்ரன் சாதாரணப் பெண்ணைப் போல உடுத்திக்கொண்டு, மகளோடு பொதுப் பயணிகள் வண்டியேறி இத்தாலிக்குப் போய்விட்டார். ரோம், நேப்பிள்ஸ், வியன்னா, ரஷ்யா என்று அரண்மனை அரண்மனையாக வரைந்து சம்பாதித்து, 1802-ல்தான் பாரிஸ் திரும்பினார். ரஷ்யாவிலும் பேரரசி கேத்தரினின் பேத்திகளுக்கு வரைந்த வெறும் கைகள் பாட்டிக்குப் பிடிக்காமல், சட்டைக் கை வரைந்து சேர்க்க வேண்டியிருந்தது. புரட்சி இல்லாத ஊரிலும் இந்தத் தலைவலி தீரவில்லை.

அவரோடு 1783-ல் ஒரே நாளில் அரசு ஓவியக் கழகத்தில் சேர்ந்த அதெலாயித் லபீல்-கியார் பாரிஸிலேயே இருந்துவிட்டார். எனக்கு இவர் மீதுதான் மதிப்பு அதிகம். மன்னரின் அத்தைமார்களை வரைந்து பேர் வாங்கியவர். 1791 சலோனில் தேசிய சபை உறுப்பினர்களின் உருவப்படங்களை வரிசையாக மாட்டினார். பின்னால் புரட்சியின் தீவிரத் தலைவராக உயர்ந்த ரோபெஸ்பியேர் இருந்தார், மக்கள் பக்கம் சாய்ந்த பிரபுக்களான தெகியோன், போஆர்னே போன்றவர்களும் இருந்தார்கள். மூன்றே ஆண்டில், 1794 ஜூலை 23 அன்று போஆர்னே கில்லட்டினுக்குப் போனார். ஐந்து நாள் கழித்து ரோபெஸ்பியேரும் போனார். அதே லபீல்-கியாரை, மன்னரின் தம்பி 1788-ல் ஒரு மாபெரும் சடங்குக் காட்சியை வரையச் சொல்லியிருந்தார். ஆண்டுக்கணக்கில் அதற்காக உழைத்தார். வரையச் சொன்னவர் 1791-ல் நாட்டை விட்டே ஓடிவிட்டார், பணம் வரவில்லை. 1793 ஆகஸ்டில் அந்தப் படத்தை ஒப்படைத்து அழிக்கச் சொல்லி ஆணை வந்தது. அழிந்தது. அரச குடும்பத்தையும் புரட்சிக்காரரையும் ஒரே நேர்மையோடு பார்த்து வரைந்த பெண்ணுக்கு இரண்டு தரப்பும் கொடுத்த கூலி இது.

ஊசி இல்லாத கை

தாவீத்தின் கதை வேறு. 1791, 92 வாக்கில் அவர் மதாம் தெ பாஸ்தொரே என்ற பிரபு குலப் பெண்ணைத் தொட்டில் குழந்தையோடு வரைந்தார். படம் சிகாகோவில் இருக்கிறது. நகை கிடையாது, பவுடர் மினுக்கு கிடையாது, பின்னணியில் கரகரவென்று தேய்த்த வெறும் பழுப்பு. கையைத் தூக்கித் தைக்கிறார். உற்றுப் பார்த்தால் விரல்களுக்கு நடுவில் ஊசி இல்லை. நூலும் இல்லை. அதை வரைவதற்குள் தாவீத்தின் அரசியல் புரட்சியின் தீவிரப் பக்கம் எங்கேயோ போய்விட்டது. மாதிரியாக உட்கார்ந்தவர் பின்னால் சிறைக்கும் போனார். தாவீத் இறந்த பிறகு, அவர் உடைமைகள் விற்பனைக்கு வந்தபோதுதான் படம் அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. முகஸ்துதி என்று சொல்லும் நண்பருக்கு முதலில் இந்தக் கையைத்தான் காட்டுவேன்.

தாவீத் புரட்சி அரசின் மக்கள் மன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார்; 1793 ஜனவரியில் மன்னருக்கு மரண தண்டனை கேட்டு வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர். செப்டம்பரில், புரட்சி அரசின் காவல் வேலையைப் பார்த்த பொதுப் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினரானார். அக்டோபர் 16 அன்று மரி அந்துவானெத்தை வண்டியில் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனபோது, வழியில் ஒரு ஜன்னலிலிருந்து பார்த்து வரைந்ததாகச் சொல்லப்படும் பேனாச் சித்திரம் ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்குச் சில கோடுகள். பின்னால் கட்டிய கைகள், கத்தரித்த முடிக்கு மேல் ஒரு துணித் தொப்பி, கீழே இழுத்த வாய், நிமிர்ந்த முதுகு. வெறுப்போடு வரைந்தது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த முதுகை வரைந்த கை கேலி செய்யவில்லை; பார்த்ததை வரைந்திருக்கிறது. அவள் உடையைப் பற்றி ஊர் பேசிய அத்தனை வருடங்களுக்குப் பிறகு, உடை ஒரு பொருட்டே இல்லாத முதல் படம் அதுதான்.

அடுத்த மாதம் வரிக் குத்தகைதாரர்கள் அனைவரையும் கைது செய்ய ஆணை பிறந்தது. 1794 மே 8 அன்று லவாய்சியரும் மாமனாரும் உட்பட 28 பேரின் தலைகள் ஒரே நாளில் விழுந்தன. வழக்கு உப்பையும் புகையிலையையும் பற்றியது; வேதியியல் அதில் ஒரு பொருட்டாகவே இல்லை. ஆறு ஆண்டுக்கு முன் தாவீத் கவனமாக மூடிய தங்க மேஜையைத்தான் நீதிமன்றம் தேடி எடுத்தது. படத்தைத் திருத்தியதால் உயிருக்கு ஒரு பயனும் விளையவில்லை.

பயன் வேறு இடத்தில் விளைந்தது. மரி-ஆனும் சிலகாலம் சிறையிருந்து மீண்டார், பறிபோன சொத்துகளை மீட்டார், 1836 வரை வாழ்ந்தார். படம் உறவினர் வழியில் இறங்கி, 1925-ல் அமெரிக்க எண்ணெய்க் கோடீஸ்வரக் குடும்பத்தின் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் கைக்கு வந்தது. அவர் அதை மருத்துவ ஆராய்ச்சிக்கான தன் குடும்ப நிறுவனத்துக்குக் கொடுத்தார். அங்கிருந்து 1977-ல் மெட்ரோபாலிட்டனுக்குப் போனது. அந்த ஐம்பது வருடமும் எண்ணெய்ப் பணத்தில் நடந்த ஆய்வு நிறுவனத்தின் சொத்தாக, உப்பு வரியில் நடந்த ஆய்வுக்கூடத்தின் படம் இருந்திருக்கிறது. மேலே தெரிந்தது தொப்பியாக இருந்திருந்தால் ராக்ஃபெல்லர் அதை ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். சாப்பாட்டு அறையில் மாட்டியிருப்பார்.